கொள்கலனும் சுவரும்: லினக்ஸ் கணினிக் கொத்துகளின் பாதுகாப்புப் பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்பக் கருவிகளுக்கு இடப்படும் பெயர்கள் வெறும் அடையாளக் குறிகள் அல்ல. ஒரு கருவியை எவ்வாறு நோக்க வேண்டும், அதனிடம் எதனை எதிர்பார்க்க வேண்டும், எதனைக் கேளாது விட்டுவிடலாம் என்பனவற்றைப் பெயரே முதலிற் கற்பித்துவிடுகின்றது. கவிதையில் உருவகம் செய்யும் வேலையை நுணுகி ஆராய்ந்து பழகிய திறனாய்வு, மென்பொருளின் உருவகங்களை மாத்திரம் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. வங்கிக் கணக்கும் நோயாளர் பதிவேடும் பரீட்சைப் பெறுபேறும் இன்று எங்கோ ஓரிடத்தில், லினக்ஸ் பணிசெயல் முறைமையில் ஓடும் ‘கொள்கலன்’ ஒன்றினாற் கையாளப்படுதல் கூடும். அக்கொள்கலன் எதனைக் கொள்கின்றது, எதனைத் தடுக்கின்றது என்ற வினா, அதன் பெயரையே கேட்டறியாத மனிதரின் வாழ்வையும் தொடுகின்றது.

இச்சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரனுக்குப் புறப்பட்டது. மல்கம் மக்லீன் என்ற லொறிப் போக்குவரத்து முதலாளியின் முயற்சி அது. சாக்கும் பீப்பாயும் மரப்பெட்டியுமாக வந்த சரக்கைத் தோளிலும் கொக்கியிலும் ஏற்றியிறக்கிய தொழில் அதன்பின் தேயத் தொடங்கியது. நியூயோர்க்கிலும் லண்டனிலும் பல்லாயிரம் துறைமுகத் தொழிலாளர் தொழிலிழந்தனர். 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் நடந்த மாநாடொன்றில் ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற் காட்டிய மென்பொருளின் பெயர் டொக்கர். பிரித்தானிய ஆங்கில வழக்கில் அச்சொல் துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும். கொள்கலனால் வேலையிழந்தவனின் பெயரே கொள்கலன் மென்பொருளுக்கு வாய்த்தமை தற்செயலான முரண்தான், ஆயினும் மனங்கொள்ளத்தக்கது. அதன் இலச்சினையோ பெட்டிகளைச் சுமந்து நீந்தும் திமிங்கிலம். அங்கு தொழிலாளியைக் காணோம்.

டொக்கர் வழங்கிய வசதி உண்மையானது. ஒரு பிரயோக மென்பொருள் தனக்கு வேண்டிய துணைக்கோப்புகள் யாவற்றுடனும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, எந்த லினக்ஸ் கணினியிலும் ஒரேவிதமாக ஓடக்கூடியதாயிற்று. இக்கட்டினைப் ‘படிமம்’ என்பர். கவிதை படிப்போர் வேறொரு பொருளில் அறிந்த சொல்; எனினும் இங்கும் அது சாலப் பொருந்தும், ஏனெனிற் படிமம் என்பது எப்போதும் தான் காட்டுவதைவிடக் கூடுதலாக எதையோ உள்ளே வைத்திருப்பது. கப்பற் சரக்குப் பத்திரங்களில் பெட்டியின் உள்ளடக்கத்தை ‘இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்றே எழுதும் வழக்கமுண்டு. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதற்குக் கப்பற்காரர் சாட்சி சொல்வதில்லை. மென்பொருட் படிமங்களின் நிலையும் அதுவே. எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி டொக்கரின் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த 17 படிமங்கள், பிறர் கணினிகளில் இரகசியமாக மறைகுறி நாணயம் தோண்டுவதற்கு ஆக்கப்பட்டவை என்பது 2018இல் வெளிப்பட்டபோது, அவை ஏலவே இலட்சக்கணக்கான தடவைகள் இறக்கப்பட்டிருந்தன.

உள்ளடக்கத்தை விட்டுச் சுவருக்கு வருவோம். உலோகப் பெட்டிக்குச் சுவர் உண்டு. மென்பொருட் கொள்கலனுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஒரு கணினியில் நூறு கொள்கலன்கள் ஓடினாலும், அந்நூறும் வன்பொருளை அணுகுவதற்குக் கேர்னல் எனப்படும் ஒரே கருப்பகுதியையே நாடுகின்றன. ‘பெயர்வெளிகள்’ என்ற ஏற்பாடு, கணினியின் ஏனைய பகுதிகள் கொள்கலனின் கண்ணிற் படாதவாறு மறைக்கின்றது. ‘கட்டுப்பாட்டுக் குழுக்கள்’ என்ற மற்றோர் ஏற்பாடு, அது எவ்வளவு நினைவகத்தையும் கணிப்புநேரத்தையும் நுகரலாம் என்று அளந்து விடுகின்றது. கூகிள் பொறியியலாளர் 2006இல் தொடங்கிய அவ்வேலை 2008 ஜனவரியில் லினக்ஸின் 2.6.24ஆம் பதிப்பிற் சேர்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்து தோற்றுவிக்கும் தனிமையே கொள்கலன். ஒரு கூரையின்கீழ், ஓலைத்தட்டி வைத்து மறித்த அறைகளுக்கு இதனை ஒப்பிடலாம். அறைகள் அறைகள்தாம், ஆனால் தீப்பிடித்தால் வீடு ஒன்றுதான்.

இவ்வேற்பாட்டின் முன்னோடிகள் வேறு பெயர்களைச் சூடியிருந்தன. 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு செயன்முறைக்குக் கோப்புமரத்தின் ஒரு கிளையை மாத்திரம் முழு உலகமாகக் காட்டும் கட்டளை இருந்தது. 2000ஆம் ஆண்டு ஃபிறீ பிஎஸ்டி முறைமை அதனை விரித்து இறுக்கி, அதற்குச் ‘சிறை’ என்று பெயரிட்டது. சொலாரிஸ் முறைமை ‘வலயம்’ என்றது. சிறை என்ற சொல் உள்ளிருப்பவன்மீது ஐயங் கொள்கின்றது. அவன் வெளியேற முயல்வான் என்பதை எடுகோளாக வைத்தே சிறை கட்டப்படுகின்றது. கொள்கலன் என்ற சொல்லோ உள்ளிருக்கும் பொருள்மீது அக்கறை கொள்கின்றது; சரக்கு பத்திரமாகச் சேரவேண்டும் என்பதே அதன் கவலை. சரக்கு தானே பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியேறிக் கப்பலைக் கைப்பற்றும் என்று துறைமுகத்தில் எவரும் அஞ்சுவதில்லை. கணினியில் அஞ்சவேண்டியது அதற்குத்தான். இக்கருவியின் பாதுகாப்பு வரலாற்றிற் காணப்படும் குறைபாடுகளிற் கணிசமானவை, இந்த அச்சத்தைப் பெயரிலிருந்தே நீக்கிவிட்ட மனோபாவத்தோடு இயைந்தவை என்று கொள்ள இடமுண்டு.

அந்த வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்ச்சிகள் போதும். 2016 ஒக்ரோபரில் வெளிப்பட்ட ‘டேர்ற்றி கௌ’ என்ற ஓட்டை, 2007 முதல் கேர்னலில் கிடந்தது. அதனைக்கொண்டு கொள்கலனிலிருந்து வெளியேற முடியும் என்பதும் விரைவிற் செய்துகாட்டப்பட்டது. கருப்பகுதி பொதுவானபடியால் எந்தத் தட்டியும் அதனைத் தடுத்திருக்க இயலாது. 2019 பெப்ரவரியில், கொள்கலன்களைத் தொடக்கிவைக்கும் ‘றன்சி’ என்ற அடிப்படை நிரலிலேயே குறை காணப்பட்டது. தீய கொள்கலன் ஒன்று, தன்னைத் திறக்க வந்த அந்நிரலையே மாற்றியெழுதி, கணினி முழுவதன்மீதும் அதிகாரம் பெறக்கூடியதாயிருந்தது. 2024 ஜனவரியில் அதே றன்சியிலும் அதனோடு தொடர்புடைய கருவியிலும் வேறு சில ஓட்டைகள் வெளிவந்தபோது, கண்டறிந்தோர் அவற்றுக்கு ‘ஒழுகும் கலங்கள்’ என்ற பொருள்பட ஆங்கிலத்திற் பெயர் சூட்டினர். தமிழிலும் கலம் என்பது பாத்திரம், கப்பல் இரண்டுமாகும். உருவகம் தன்னைத்தானே விமர்சித்துக்கொண்ட அரிய தருணம் அது.

இவற்றுள் 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி வேறொரு வகையிலும் நோக்கற்பாலது. றெட் ஹற் நிறுவனத்தின் லினக்ஸில், எஸ்ஈ லினக்ஸ் என்ற காவலேற்பாடு முழுமையாக இயங்கிக்கொண்டிருந்த கணினிகளில் அத்தாக்குதல் பலிக்கவில்லை. அங்கு அக்காவல், எவரும் கேளாமலே இயக்கப்பட்டிருந்தது. அதனைத் தொல்லையெனக் கருதி நிறுத்திவைத்திருந்த நிருவாகிகளுக்கே அது கைகொடாது போயிற்று. (எஸ்ஈ லினக்ஸை 2000ஆம் ஆண்டு உலகுக்கு வெளியிட்டது அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவரகம். உலகின் உரையாடல்களை ஒட்டுக்கேட்டமைக்காக 2013இற் பெயர்பெற்ற அதே நிறுவனம்.) ஒரே ஓட்டை, ஒரே மென்பொருள்; விளைவை வேறுபடுத்தியது, எவரும் எதனையும் மாற்றாதபோது கணினி தானாகக் கைக்கொண்ட ஏற்பாடு. இதனை ‘இயல்புநிலை’ எனலாம். பாதுகாப்புப் பற்றிய கைந்நூல்கள் எவ்வளவு விரிந்தாலும், ஒரு மென்பொருளின் உண்மையான கொள்கை அதன் இயல்புநிலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு குபர்நெற்றிஸை நோக்குதல் தகும். கணினிகள் பலவற்றை ஒரு கொத்தாகக் கட்டி, அவற்றின்மீது ஆயிரக்கணக்கான கொள்கலன்களை ஓட்டும் ஆட்சிமுறை அது. 2014 ஜூனிற் கூகிள் அறிவித்தது. 2015 ஜூலையில் முதற் பதிப்பு முழுமையாக வெளிவந்தது. கிரேக்க மொழியில் அப்பெயர் மீகாமனைக் குறிக்கும். ஆட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. இன்ன மென்பொருளின் மூன்று பிரதிகள் எப்போதும் ஓடவேண்டும் என்று எழுதிவைத்தால் மீகாமன் அதனை இடையறாது காத்துவருவான். ஒன்று வீழ்ந்தால் இன்னொன்றை எழுப்புவான். ஒழுங்கு என்ற அளவில் இது வியக்கத்தக்க சாதனை. ஆயின் கப்பலுக்குள் யார் எவருடைய அறைக்குட் புகலாம் என்பதையிட்டு, தனியே கேட்டாலன்றி, இம்மீகாமன் அதிகம் கவலைகொள்வதில்லை.

குபர்நெற்றிஸின் இயல்புநிலையில் எந்தக் கொள்கலனும் வேறெந்தக் கொள்கலனோடும் வலையமைப்பின் வழியே தடையின்றிப் பேசலாம். தடுக்கவேண்டுமாயின் நிருவாகி தனியே விதி எழுதவேண்டும்; அவ்விதியை நிறைவேற்றும் வலையமைப்புக் கருவியையும் தேர்ந்திருக்க வேண்டும். கடவுச்சொற்களையும் சாவிகளையும் வைப்பதற்கு ‘இரகசியம்’ என்றே பெயரிட்ட ஒரு பொருள்வகை உண்டு. அவ்விரகசியம் இயல்புநிலையிற் பேஸ் 64 என்ற எழுத்துமாற்றத்தில் மாத்திரம் தரவுக்களஞ்சியத்திற் கிடக்கும். அது மறைகுறியாக்கமே அன்று. எழுத்தறிந்தவன் தலைகீழாகப் பிடித்த புத்தகத்தைத் திருப்பிப் படிப்பது போன்றது. இதனை அம்மென்பொருளின் சொந்த ஆவணங்களே எச்சரித்துக் கூறுகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் எச்சரிக்கை ஆவணத்தில் இருக்கின்றது. பெயர் முகப்பில் இருக்கின்றது.

இதனினும் கூர்மையான உதாரணமொன்று உண்டு. கேர்னலிடம் கொள்கலன் விடுக்கக்கூடிய முறைமை அழைப்புகள் முந்நூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆபத்தான ஏறத்தாழ 44 அழைப்புகளைத் தடுக்கும் வேலியொன்றை டொக்கர் தானாகவே இட்டிருந்தது. அதே கொள்கலனைக் குபர்நெற்றிஸின் கீழ் ஓட்டியபோது, கேட்டாலன்றி, அவ்வேலி நீக்கப்பட்டிருந்தது. சிறு கப்பலில் இருந்த வேலி பெருங் கப்பலில் இல்லை. 2023 ஏப்ரலில் வந்த 1.27ஆம் பதிப்பில் அவ்வேலியைக் கொத்து முழுவதற்கும் இயல்பாக்கும் வசதி முதிர்ச்சி பெற்றது. ஆயினும் அவ்வசதியையும் நிருவாகியே ஒவ்வொரு கணினியிலும் இயக்கிவிடவேண்டும்.

ஆபத்தான கொள்கலன்களை வாயிலிலேயே மறிப்பதற்குக் குபர்நெற்றிஸில் ஒரு கொள்கையேற்பாடு ஆரம்ப ஆண்டுகளிலேயே அமைக்கப்பட்டது. எந்த விதி எந்தக் கொள்கலனுக்குப் பொருந்தும் என்பதை அறிவதே சிக்கலாயிருந்தமையால் அது பலருக்கும் பயன்படவில்லை. 2021இல் அது கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டு, 2022 ஓகஸ்ற்றில் 1.25ஆம் பதிப்பிலிருந்து அகற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்த எளிய ஏற்பாடு தடையற்றது, அடிப்படை, இறுக்கமானது என மூன்று படிகளை வகுத்தது. எளிமை வரவேற்கத்தக்கதே. ஆனால் எந்தப் படியும் குறிக்கப்படாத இடத்துக்குரியது எது என்று பார்த்தால், தடையற்றது என்பதுதான்.

இவை வெறும் ஏட்டுக் குறைகள் அல்ல. 2018 பெப்ரவரியில், ரெஸ்லா கார்க் கம்பனியின் குபர்நெற்றிஸ் கட்டுப்பாட்டுப் பலகையொன்று கடவுச்சொல் எதுவுமின்றித் திறந்து கிடந்ததை றெட்லொக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. அதன் வழியே புகுந்தவர்கள் அக்கம்பனியின் கணினிகளில் மறைகுறி நாணயம் தோண்டிக்கொண்டிருந்தனர். பணமும் பொறியியலாளரும் நிறைந்த கம்பனிக்கே இது நேர்ந்ததாயின், இருவர் மூவரைக் கொண்டு கணினிப் பிரிவை நடத்தும் ஒரு வைத்தியசாலையோ பல்கலைக்கழகமோ அந்த நீண்ட விதிப்பட்டியலை முழுவதும் எழுதி முடித்திருக்கும் என்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்?

மாற்றுக்குரல் எழாமலில்லை. 2014 டிசம்பரிற் கோர் ஓஎஸ் என்ற சிறு நிறுவனம் றொக்கற் என்ற கொள்கலன் மென்பொருளை அறிவித்தபோது, டொக்கரின் அமைப்பையே குறைகூறியது. சகல வேலைகளும், றூற் எனப்படும் முழு அதிகாரம் பெற்ற பயனராக ஓடும் ஒரே நடுநிரல் வழியாகச் செல்வது அடிப்படையிலேயே பிழை என்பது அதன் வாதம். றொக்கற்றில் அத்தகைய நடுநிரல் இல்லை. படிமத்தின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் அதன் இயல்புநிலையாயிருந்தது. 2018இற் கோர் ஓஎஸ்ஸை றெட் ஹற் 25 கோடி டொலருக்கு வாங்கியது. 2020இல் றொக்கற்றின் வளர்ச்சி முடிவுக்கு வந்தது. அதற்கிடையில், றூற் இல்லாது ஓடும் வழியை டொக்கரே 2019இற் பரீட்சார்த்தமாகவும் 2020 டிசம்பரில் முழுமையாகவும் சேர்த்துக்கொண்டது. நடுநிரலே அற்ற பொட்மான் றெட் ஹற்றிடமிருந்து வந்தது. வாதம் வென்றது, வாதிட்டவன் களத்தில் இல்லை. இலக்கிய இயக்கங்களின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பானவற்றைக் காட்டலாம்.

றெட் ஹற்றின் ஓப்பன்சிஃப்ற் குபர்நெற்றிஸின்மேற் கட்டப்பட்டது. ஆனால் இயல்புநிலையைத் தலைகீழாக்கியது. அங்கு சாதாரண பயனர் ஓட்டும் கொள்கலனுக்கு றூற் உரிமை கிடையாது. முன்கூட்டி ஊகிக்கவியலாத ஏதோவோர் இலக்கத்தையுடைய, அதிகாரமற்ற பயனராகவே அது ஓடவேண்டும். விளைவாக, பொதுக் களஞ்சியத்திலுள்ள படிமங்கள் பல அங்கு ஓட மறுத்தன, ஏனெனில் அவற்றை எழுதியோர் தாம் றூற்றாக இருப்போம் என்று எண்ணியே எழுதியிருந்தனர். இம்மறுப்பு பயனருக்கு எரிச்சலூட்டுவது. எனினும் அவ்வெரிச்சலே இம்மென்பொருளின் சிறந்த விமர்சனப் பணி எனலாம். ஒரு தலைமுறை மென்பொருளாளர் தேவையின்றியே முழு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பழகிவிட்டனர் என்பதை அது அம்பலப்படுத்தியது. குறையும் உண்டு. எந்த இலக்கத்திலும் ஓடலாம் என்று விலக்களிக்க நிருவாகிக்கு ஒற்றை வரிக் கட்டளை போதும். வேலை நின்றுபோன மாலைப்பொழுதில் அந்த ஒற்றை வரியின் கவர்ச்சி மிகப் பெரிது. அன்றியும் இம்மென்பொருளின் சமூகப் பதிப்பு இலவசமாகக் கிடைப்பினும், அதனைத் துணையும் உத்தரவாதமும் சேர்த்துப் பெறுவதற்குச் சந்தா செலுத்தவேண்டும். இறுக்கமான இயல்புநிலை, காசு கொடுத்துப் பெறும் பண்டத்தோடு அடையாளங் காணப்படும் நிலைமை இவ்வாறு உருவாகின்றது.

திறந்த இயல்புநிலைக்குச் சார்பாகவும் நியாயம் உண்டு. அதனை எளிதிற் புறந்தள்ளலாகாது. முதல் நாளிலேயே பத்து விதிகளை எழுதினாலன்றி எதுவும் ஓடாது என்ற மென்பொருளை எவரும் கற்றிருக்க மாட்டார்கள். குபர்நெற்றிஸ் பரவியமைக்கு அதன் தாராளமும் ஒரு காரணம். உண்மையான சுவரை எழுப்ப முயன்றோரும் உளர். 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டா கொள்கலன்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேர்னலுடன் சிறு மெய்நிகர் இயந்திரத்தை அளிக்கின்றன. 2018 மேயிற் கூகிள் வெளியிட்ட ஜீவைசர், கொள்கலனுக்கும் கேர்னலுக்கும் நடுவே கேர்னல்போல நடிக்கும் மற்றொரு நிரலை நிறுத்துகின்றது. இரண்டும் நினைவகத்தையோ வேகத்தையோ விலையாகக் கேட்கின்றன. சுவருக்குச் செலவு உண்டு என்பதை இவையேனும் மறைக்கவில்லை.

ஆயினும் தாராளம் ஒருவருடையதாகவும் பழி மற்றொருவருடையதாகவும் பிரிந்து நிற்பதுதான் இங்கு வினாவாகின்றது. ஓட்டை வழியே தரவு கசியும்போது வெளிவரும் அறிக்கைகளில் ‘பிழையான அமைவு’ என்ற தொடர் தவறாது இடம்பெறும். அத்தொடர் இலக்கணப்படி எழுவாய் அற்றது. நடைமுறையிலோ அதன் எழுவாய் எப்போதும் நிருவாகிதான். அவர் எதனையும் பிழையாக அமைக்கவில்லை. எதனையும் அமைக்காது விட்டார் என்பதே பல சந்தர்ப்பங்களில் உண்மை. அமைத்தவர்கள் அதற்கு முன்னரே, வேறொரு நாட்டில், வேறொரு தேவைக்காக அமைத்துவிட்டிருந்தனர். 2021 ஓகஸ்ற்றில் அமெரிக்க அரசின் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டு குபர்நெற்றிஸை இறுக்குவதற்கான வழிகாட்டியொன்றை வெளியிட்டன. றூற் அல்லாத பயனராக ஓட்டுக, வலையமைப்பைப் பிரித்து வைக்குக, இரகசியங்களை மறைகுறியாக்குக என்று அது கூறுகின்றது. இயல்புநிலையின் முக்கிய அம்சங்கள் பலவற்றைத் திருப்பிப் போடுமாறு கேட்கும் ஆவணம் அது. அவ்வேலையும் நிருவாகியின் தலையிலேயே விழுகின்றது.

இறுதியாக, காலக்கணக்கொன்று. கொள்கலனுக்குள் றூற்றாகத் தோன்றுபவனை வெளியே அதிகாரமற்ற சாதாரண பயனனாக மாற்றிவைக்கும் ஏற்பாடு ‘பயனர் பெயர்வெளி’ எனப்படும். கொள்கலனை உடைத்து வெளியேறியவன் கையில் எதுவும் இல்லாதிருக்கச் செய்வது அதுவே. 2019இன் றன்சித் தாக்குதலையும் அது தடுத்திருக்கக்கூடியது. லினக்ஸ் கேர்னலில் அவ்வேற்பாடு 2013 பெப்ரவரியில், 3.8ஆம் பதிப்பில் நிறைவு பெற்றது. டொக்கர் மேடையிற் காட்டப்பட்டதற்கு ஒரு மாதம் முன்னர். குபர்நெற்றிஸ் கொத்துகளில் அவ்வசதி இயல்பாகத் திறந்துவிடப்பட்டது 2025 ஏப்ரலில், 1.33ஆம் பதிப்பில். இடையிற் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். அப்பதிப்பிலும், கொள்கலனை விவரிக்கும் கோப்பில் அதனைக் கேட்டு ஒரு வரி எழுதவேண்டும். அவ்வரி எழுதப்படாத கொள்கலனில், உள்ளே றூற்றாக இருப்பவன் வெளியேயும் றூற்தான்.